மினுக்கிய குழாய்

சுற்றுகிற பாலிஷ் சக்கரத்தில் குழாயை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள் மினுக்கி. அது அவள் பெயரல்ல. பட்டறையில் பாலிஷ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ விளையாட்டாகக் கூப்பிட, அப்படியே ஒட்டிக்கொண்டது. முகத்துக்குப் பவுடர்கூடப் போடாதவளுக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்.

அவள் கையில் இருந்தது விமான இன்ஜினின் புகைக்குழாய். பெரிய விமானமெல்லாம் இல்லை. முதலாளி ஒரு கார் இன்ஜினை வாங்கி, புத்தகம் பார்த்து, வீடியோ பார்த்து, தன் கொட்டகையிலேயே கட்டிய ரெண்டு சீட்டு விமானம். நன்றாகத்தான் பறந்தது. புகைக்குழாய்தான் பாடாய்ப் படுத்தியது. இன்ஜின் ஓடும்போது வருகிற அதிர்வில் குழாய் விரிசல் விட்டது. மினுக்கியின் புருஷன் வெல்டர், அவன் பற்றவைத்தான். அந்தப் பற்றுக்குப் பக்கத்திலேயே மறுபடியும் விரிசல். மறுபடியும் பற்றவைத்தான்.

"ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டிப்போட்டிருக்கோம் மொதலாளி. இன்ஜின் ஆடுது, குழாய் ஆட முடியல. எங்கயாவது கிழிஞ்சுதானே ஆகணும்? நடுவுல ஒரு ஸ்பிரிங் மூட்டு வெச்சிரலாம்" என்று வெல்டர் சொல்லிப் பார்த்தான்.

"தெரியும்பா. எனக்குத் தெரியாதா? இந்த ஆளுங்க வந்துட்டுப் போகட்டும். அடுத்த வண்டியில வெப்போம்" என்றார் முதலாளி.

'இந்த ஆளுங்க' என்பது விமானத்தை வாங்க வருகிறவர்கள். பிடித்துவிட்டால் இதே மாதிரி இன்னும் சிலது கட்டித்தரச் சொல்வார்கள். பிடிக்காவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று முதலாளி வாய்விட்டே சொல்லியிருந்தார்.

விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழக்கம் உண்டு. குழாயை மண்ணெண்ணெயில் கழுவி, சிவப்பு மை தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பவுடர் அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன மை கசிந்து வெள்ளையில் சிவப்புக் கோடாகத் தெரியும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பாலிஷ். இன்றைக்கு முதலாளி தலைகீழாக்கிவிட்டார்.

"சீக்கிரமே வர்றாங்களாம். மொதல்ல பளபளன்னு ஆக்கு. மை அப்புறம் அடிச்சுக்கலாம்."

மினுக்கி கழுவும்போது, பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கரிக்கோடு இருந்தது. துணியால் துடைத்தாள், போய்விட்டது. சக்கரத்துக்குக் கொண்டுவருவதற்குள் மறுபடியும் அதே இடத்தில் கோடு. அதையும் துணியில் ஒற்றினாள், திரும்பவும் வந்தது. பிடிவாதக் கரி, உன்னை என்ன செய்கிறேன் பார் என்று சக்கரத்தில் வைத்து அழுத்தினாள். போயே போய்விட்டது.

முதலாளியின் மகள் ஓடிவந்து குழாயில் முகம் பார்த்தாள். பால்பல் விழுந்த வாய்.

"அத்தே, என் மூஞ்சி பூசணிக்கா மாதிரி தெரியுது!"

"உள்ளதுதானே தெரியும் கண்ணு."

"போங்க அத்தே! இன்னைக்கு நான் பறக்கப் போறேனே. அப்பா கூட. பின் சீட்டுல!"

வெல்டர் மை அடித்துப் பார்த்தான். வெள்ளைப் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. சிவப்பு துளிகூட இல்லை. நிம்மதியாக விசிலடித்துக்கொண்டே குழாயை இன்ஜினில் மாட்டப் போனான்.

மினுக்கி கையைத் துடைத்துக்கொள்ளத் துணியை எடுத்தாள். அதில் அந்தக் கரிக்கோடு அப்படியே பதிந்திருந்தது. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ரெண்டு கோடு. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெளியில் படிந்த கரி துடைத்தால் போய்விடும். திரும்ப வருகிற கரி, கழுவின மண்ணெண்ணெயோடு கசிந்து உள்ளேயிருந்துதான் வர வேண்டும். சக்கரத்தில் வைத்துத் தேய்த்தபோது உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடியிருக்கும். மை எப்படி உள்ளே போகும்?

துணியோடு ஓடினாள். வெல்டர் கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, அதுல விரிசல் இருக்கு."

"மை வரலையே."

"நான் தேய்ச்சதால வரல. இதப் பாருங்க."

துணியைப் பார்த்தான். பிறகு குழாயை. அதற்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் பெட்ரோல் ஹோஸ் போனது. குழாய் பிளந்தால் தீ நேராக அதன் மேல்தான் அடிக்கும்.

"ஏண்டி, இத இப்பவா சொல்லுவ?"

"இப்பத்தானே தெரிஞ்சுது!"

"கழட்டித் திரும்பப் பத்தவெக்க அரை நாள் ஆகும். அவங்க கார் வாசல்ல நிக்குது. போன தடவையே மொதலாளி என்ன சொன்னாரு? இன்னொரு வாட்டி விரிசல்னு வந்து நின்னா வேற எடம் பாத்துக்கன்னாரு." குரலைத் தாழ்த்தினான். "ஒரே ஒரு சுத்து. தாங்கிரும். பேசாம இரு."

விமானத்தின் பின் சீட்டில் மெத்தை போட்டு, அதற்கு மேல் மகளை உட்காரவைத்து, பெல்ட்டை இழுத்து இழுத்து அவள் இடுப்பளவுக்குச் சுருக்கிக்கொண்டிருந்தார் முதலாளி. வாங்க வந்தவர்கள் தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கூல்டிரிங்க்ஸ் குடித்தார்கள். குழந்தை மினுக்கியைப் பார்த்துக் கையாட்டினாள்.

புருஷன் கையைப் பிடிப்பதற்குள் மினுக்கி போய்விட்டாள்.

"மொதலாளி, பாப்பாவை எறக்குங்க."

"ஏன்?"

சொன்னாள். திக்கித் திணறித்தான் சொன்னாள். ஆனாலும் கழுவினது, கோடு திரும்ப வந்தது, தேய்த்தது, ஒன்றையும் விடவில்லை. துணியை நீட்டினாள். முதலாளி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கும் இன்ஜின் தெரியும். இது எந்த மாதிரிக் கரி என்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. துணியை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

"வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"அவருகிட்ட மட்டுந்தான்."

அவர் பெல்ட்டை விடுவித்து, மகளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, மெல்ல, கண்ணாடிச் சாமானைப் போலத் தரையில் இறக்கினார்.

"அப்பா! நீங்க சொன்னீங்களே!"

"காத்து ஜாஸ்தியா இருக்குடா செல்லம். நாளைக்குப் போலாம்."

காற்றே இல்லை. கொட்டகை வாசலில் கட்டிய தோரணம்கூட அசையவில்லை. மினுக்கிக்கு மூச்சு வந்தது. அப்பாடா என்று சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.

"வெல்டரு, இங்க வா" என்றார் முதலாளி. "பின் சீட்டுல ஏறு."

"நானா மொதலாளி?"

"ரெண்டு பேரு ஒக்காந்து பறக்கறதத்தான் அவங்க பாக்கணும்னு கேட்டிருக்காங்க. காலி சீட்டோட போனா வண்டி இழுக்கலைன்னு நெனைப்பாங்க. நானுந்தானே ஓட்டறேன், எனக்கு மட்டும் உசிரு வெல்லமா? நீ பத்தவெச்சதுதானே அது. நீ கூட இருந்தா எனக்கும் தைரியம்."

"மொதலாளி, கழட்டி ஒரு தடவை பாத்துட்டு…" என்று ஆரம்பித்தாள் மினுக்கி.

"அரை நாள் அவங்க ஒக்காந்திருப்பாங்களா? பூட்டிரலாம்னா சொல்லு, இப்பவே பூட்டிரலாம்."

வெல்டர் அவளைப் பார்க்கவில்லை. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். வைத்ததை மறுபடி எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான், மேலே போய் எதையோ முறுக்கப்போகிறவன் மாதிரி. இறக்கையில் கால்வைத்து ஏறினான். மெத்தையை எடுத்து வெளியே கொடுத்தான். குழந்தை அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள்.

"மாமா மட்டும் போறாங்க. காத்து அவங்களை ஒண்ணும் பண்ணாதா?" என்று கேட்டாள்.

முதலாளி முன் சீட்டில் ஏறிக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். வாங்க வந்தவர்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தார்.

"மினுக்கி, அவனுக்கு பெல்ட்டைப் போட்டுவிடு. சீக்கிரம்."

அவள் இறக்கையோரமாக எக்கி, பெல்ட்டின் ரெண்டு முனையையும் இழுத்துப் பார்த்தாள். எட்டவில்லை. குழந்தையின் இடுப்பளவுக்குச் சுருக்கியது அப்படியே இருந்தது. பாலிஷ் மசி படிந்த விரலால் கொக்கியை நெம்பி, வாரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். விட்டுக்கொண்டே வந்தாள். குழந்தைக்காகப் பிடித்த மடிப்பு, வாரில் கோடாக விழுந்து, புருஷனின் வயிற்றுக்கு நடுவில் வந்து நின்றது.