தேவகி சுற்றிப் பார்த்த சைப்ரஸ்

சைப்ரஸ் தீவுக்கு வந்து இருபத்திரண்டு மாதமாகியும் தேவகி பார்த்தது ஹோட்டல் அறைகளையும், ஜன்னல் வழியே தெரிந்த கடலையும்தான். ஒரு நாளைக்குப் பதினெட்டு அறை சுத்தம் செய்ய வேண்டும். மெத்தை விரிப்பை உதறினால் சுற்றுலாக்காரர்கள் காலில் கொண்டுவந்த மணல் பொலபொலவென்று கொட்டும்.

"லீவு நாள்லகூட ரூம்லயே படுத்துக்கினு இருக்கியே, எங்கனா போய்த்தான் பாரேன்" என்று முகையூரிலிருந்து கணவன் பூவரசன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

லீவு நாளான அந்த வியாழக்கிழமை, கடலை விட்டு உள்ளே போகும் பஸ்ஸில் ஏறினாள். ஹோட்டல்களும் மதுக்கடைகளும் முடிந்தன. அரை மணி நேரத்தில் இரண்டு பக்கமும் செம்மண் வயல். இறங்கிவிட்டாள்.

உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று பார்த்தாள். தலையில் துணி கட்டிய நிலத்துக்காரி விறுவிறுவென்று வந்தாள், ஏதோ திட்டினாள், ஒரு கூடையை இவள் கையில் திணித்தாள். தாமதமாக வந்த கூலியாள் என்று நினைத்துவிட்டாள். இல்லையென்று சொல்ல தேவகியிடம் பாஷையும் இல்லை, தெம்பும் இல்லை. குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

மதியம் ரொட்டியும் தக்காளியும் கொடுத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் வரவேண்டிய கூலிக்காரி வந்து சேர்ந்தாள். நிலத்துக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். தேவகியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். பிறகு தன் வண்டியிலேயே ஏற்றிவந்து ஹோட்டல் வாசலில் விட்டாள்.

போனில் இதைக் கேட்ட பூவரசன் சிரித்துவிட்டான். "ஊரு சுத்தப் போனவ கெழங்கு பொறுக்கிட்டு வந்தியா? இன்னா பேஜாரு இது!"

தேவகி சிரிக்கவில்லை. "இடுப்பு விட்டுப்போச்சுங்க. ஆனா, அந்த மண்ணுல உக்காந்து சாப்ட்டப்போதான் எனக்கு அழுகையே வந்துச்சு. இன்னும் ரெண்டு வருசம் இருன்னு ஓட்டல்ல கேக்கறாங்க. என்னால முடியாது. ஆவணியோட வந்துடறேன்."

மாடி கட்ட வேண்டும் என்று ஊரைவிட்டுப் போனவள் அவள்தான். அதைத்தான் பூவரசன் கேட்டான்.

"மாடி?"

"கெடக்கட்டுங்க."

"சரி, வா. நம்ம மேட்டு நெலத்த குத்தகைக்கு விடலாம்னு பாத்தேன். மல்லாட்டை போட்டுடட்டா?" வேர்க்கடலையைத்தான் சொன்னான்.

"போடுங்க. புடுங்கறப்ப நான் இருப்பேன்."

போனை வைத்தவள், கால்கூடக் கழுவாமல் அப்படியே படுத்துத் தூங்கிப்போனாள்.