பன்றி விழுந்த பங்கு

நாலு பேர் பங்கு போடும் இடத்தில் ஐந்தாவதாக ஒரு கள்ளன் இருப்பான் என்பது மைக்கலின் நம்பிக்கை. அவனுக்கு இருந்த ஒரே நம்பிக்கையும் அதுதான்.

எழுபத்து நாலாம் வருஷம். மாத்தளை டவுனில் பாண் வாங்க நின்ற ரொட்டிக் கியூ தெருமுனையைத் தாண்டி நின்றது. கூப்பன் அரிசி பாதியாகிப் போனது. காசு வைத்திருந்தவன் கையில் காசு மட்டும்தான் இருந்தது. அப்போதுதான் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராயிருந்த ஆறுமுகநாதனுக்கு யோசனை பிறந்தது. கடையை நம்பிய டவுன் அழியும், தோட்டத்தை வைத்திருக்கும் டவுன் பிழைக்கும் என்றார். உக்குவளைக் கடைக்காரர் பாறூக், இரத்தோட்டைக்கு மேலே காடு மண்டிக் கிடந்த தன் கொக்கோக் காணியைக் கொடுத்தார். சரோஜினிதேவி டீச்சர் விதையும் மண்வெட்டியும் வாங்கிப் போட்டார். பாடுபடுவதற்கு மைக்கல். எஸ்டேட்டில் பேர் வெட்டி, லயத்து வீட்டை விட்டு இறக்கிவிடப்பட்ட கிழவன். அவனும் பெஞ்சாதி மரியாயியும் தலைசாய்க்க அந்தக் காணிக் குடிசையை விட்டால் பஸ் ஸ்டாண்டுதான்.

ஆறுமுகநாதன் உடன்படிக்கை எழுதி முத்திரையும் ஒட்டினார். 'இக்காணியில் எது விளைந்தாலும், எது கிடைத்தாலும், எது அழிந்தாலும் நாலு சம பங்கு.' எழுதியது தனக்கே பிடித்துப்போய் இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

மைக்கல் நன்றாகத் தலையாட்டினான். மறுநாளே ஓடைக்கு அந்தப் பக்கம், ஆளுயர மானாப் புல்லுக்குப் பின்னால், முந்நூறு மரவள்ளிக் குச்சியைத் தனக்கென்று ஊன்றினான்.

"காணி அவங்களோடது. தெரிஞ்சா வெரட்டிருவாங்க" என்றாள் மரியாயி.

"கப்பல்ல மாவு வந்து எறங்கட்டும். ஒருத்தனும் இந்தப் பக்கம் தல வச்சுப் படுக்க மாட்டான். அப்ப நீ எதத் திம்ப?"

ஞாயிறுதோறும் பங்காளிகள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். ஆறுமுகநாதன் களை பிடுங்கிய பாத்தியில் களை மட்டும் மிஞ்சியது. ஆனாலும் மாவு வந்தாலும் வந்துகொண்டுதான் இருப்பார்கள் போலிருந்தது. மைக்கலுக்கு அதுவும் சந்தேகமாகவே பட்டது.

நட்ட எட்டாம் மாதம் காட்டுப்பன்றி இறங்கியது. மைக்கலிடம் இருந்தது ஒரே ஒரு சுருக்குக் கம்பி. அதைக் கொண்டுபோய்த் தன் மரவள்ளி ஓரத்தில் கட்டினான். பன்றி பொதுப் பாத்தியை ஆற அமர உழுது, ஒரு கிழங்கு மிச்சமில்லாமல் தின்று முடித்துவிட்டு, ஓடையைத் தாண்டிப் போய்ச் சுருக்கில் விழுந்தது. அன்றைக்கு ஞாயிறு. மைக்கல் அதை மரக்கொம்பில் கட்டித் தூக்கி முடிப்பதற்குள், உழுது கிடந்த பாத்தியைப் பார்த்துப் பதறிய பங்காளிகள் மூவரும் பன்றியின் கால்தடத்தைப் பிடித்துக்கொண்டு புல்லை விலக்கி வந்துவிட்டார்கள்.

முன்னால் பன்றி தொங்கியது. பின்னால் முந்நூறு மரவள்ளி செழித்து நின்றது.

"இது யார்ட மரவள்ளி, மைக்கல்?" என்றார் பாறூக்.

மைக்கலின் கண்ணுக்குள் பஸ் ஸ்டாண்டு வந்து நின்றது.

மரியாயி கத்தியோடு வந்தாள். "நாலு பங்குதானுங்களே? எது கெடச்சாலும்னு ஐயாதான் எழுதுனாங்க. தலைய யாருக்குங்க வைக்க?"

"அஸ்தஃபிருல்லாஹ்!" பாறூக் நாலு அடி பின்னுக்குப் போனார். "என்ட பங்கு எனக்கு வாணாம்."

"வேண்டாமெண்டு சொல்லேலாது. சமபங்கெண்டு எழுதியாச்சு" என்ற ஆறுமுகநாதன், மச்ச மாமிசம் தொடாதவர், தான் சொன்னதைத் தானே கேட்டு வெளிறிப்போனார். ஓடைக்கு இந்தப் பக்கத்தைச் சுற்றிப் பார்த்தார். "பாறூக், இந்தத் துண்டுக் காணி உடன்படிக்கையில இருக்கோ?"

"இல்ல! இது நான் எப்பயோ மைக்கலுக்குக் குடுத்தது. மேல ஈக்கியதும் அவருக்கு, கீழ ஈக்கியதும் அவருக்கு."

டீச்சர் வாயைப் பொத்திச் சிரித்தார். "அப்ப எங்களுக்கு வெறும் பையோ? மரவள்ளியும் போச்செல்லோ!"

"பண்டி போனாப் போதும், டீச்சர்" என்றார் பாறூக்.

அந்த இடத்திலேயே பாறூக்கின் முதுகில் கடதாசியை வைத்து ஆறுமுகநாதன் எழுதினார். மூவரும் கையெழுத்துப் போட்டு மைக்கலிடம் நீட்டினார்கள்.

மைக்கலுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. காணியைத் திருடியவனுக்கே காணியை எழுதிக் கொடுப்பானா எவனாவது? டீச்சரைத் தனியே கூப்பிட்டு வாசிக்கச் சொன்னான். பிறகு கிளாக்கரை. பிறகு பாறூக்கை. மூவரும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி வாசித்தார்கள். அவனுக்கு விளங்கிவிட்டது. பேசி வைத்திருக்கிறார்கள். இது வெளியேற்றும் கடதாசிதான்.

மண்வெட்டியை எடுத்தான். முன்னால் நின்ற இரண்டு வரிசை மரவள்ளியைக் கிண்டினான். அவர்கள் கொண்டுவந்த மூன்று பையையும் வாய் பிளக்கும்வரை அடைத்தான்.

"பண்டி மிதிக்காத பக்கத்தால போடுங்க" என்று மட்டும் பாறூக் சொன்னார்.

ஆறுமுகநாதனுக்குக் கண் கலங்கியது. "பாத்தீங்களே டீச்சர்! தன்ர சொந்தப் பங்கையே தாறார். இப்பிடி ஒரு மனுசன் இருந்தால் டவுன் ஏன் பட்டினி கிடக்கும்?" அடுத்த ஞாயிறு இன்னும் பத்துக் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு, பை தோளை இழுக்க, பஸ்ஸுக்கு ஓடினார்.

மரியாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ஒங்களுதுன்னு எழுதிக் குடுத்தத ஏன்யா தூக்கிக் குடுத்தீங்க?"

"வெறும் பையோட போறவன் போலீஸ கூட்டிக்கிட்டு வருவான். சொமையோட போறவன் பஸ்ஸத்தான் தேடுவான்."

"கொஞ்சமாவது மனுசன நம்புங்களேன்."

மைக்கல் பன்றியின் பக்கம் கையைக் காட்டினான்.

"நம்பி வந்தது இந்தா தொங்குது. கத்தியக் குடு."