வெளித்தாழ்ப்பாள்

கிழக்கு வெளுக்கும் முன்பே எலக்ட்ரீசியன் வீரமணியின் கைகள் கறுத்துவிட்டன. வேனின் முன்சீட்டைத் தூக்கி நிறுத்தி, கீழே சூடு ஆறாத இன்ஜினுக்குள் கைகளை முழங்கைவரை விட்டு, உருகி ஒட்டிக்கொண்ட வயர்களைக் கத்தியால் பிரித்துக்கொண்டிருந்தான். சரக்கு அடைக்கும் பின்பகுதியின் கம்பிவலை வழியே கலையரசி அதையே பார்த்தாள். அவளோடு மரவள்ளி பிடுங்கப் போகும் பெண்கள் மூச்சுமுட்ட நெருங்கி நின்றார்கள்.

சரக்கு வேன் அது. ஆள் ஏற்றக்கூடாது. செக்போஸ்ட்டில் தெரியாமலிருக்க, வெளியே தாழிட்டுத்தான் மலைமேல் கரியாலூருக்கு ஓட்டுவார்கள். மலையடிவாரத்தில் புகை கிளம்பி வண்டி நின்றது. டிரைவர் முனியன் வீரமணிக்கும் முதலாளிக்கும் போன் போட்டான். தாழ்ப்பாளை மட்டும் தொடவில்லை.

"கதவத் தெறக்கச் சொல்லேன் தம்பி," என்றாள் கலையரசி வீரமணியிடம்.

"சொன்னேங்க்கா. மொதலாளி வரணுமாம்."

முதலாளி தங்கதுரை வந்து இறங்கினார். வேனும் அவருடையது, மலையில் விளைந்த கிழங்கும் அவருடையது.

"இன்னாப்பா, இன்னுமா முடியல? டேப்ப சுத்திட்டுக் கெளப்பு."

"டேப்பு மேல டேப்பாதாங்க கீது. சைலன்சர் பைப்புல ஒரசி வயர் வெந்துபோச்சி. சூடு தடுக்க நடுவுல இருந்த தகட்டக் காணோம். வெந்தத வெட்டிட்டுப் புதுசு போடணும். மத்தியானம் ஆவும்."

"அதுவரைக்கும் கெழங்கு தானா எழுந்து வருமா?"

"மலை ஏறும்போது சூடு ஜாஸ்தியாவும். பத்திக்கினா இவங்க எப்படிங்க எறங்குவாங்க?"

"நீ வயரப் பாரு. அவங்கள நான் பாத்துக்கறேன்."

கலையரசி கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"வாய மூடிக்கினு வாடி," என்றாள் பக்கத்திலிருந்த கொளஞ்சியம்மாள். "இந்த வேலயும் போனா அடுப்பு எரியாது."

"அடுப்பு எரியட்டும்க்கா. நாம எரியணுமா?" கலையரசி குரலை உயர்த்தினாள். "மொதலாளி, கொளஞ்சியக்காவுக்கு மயக்கம் வருது."

"எனக்கு எங்கடி மயக்கம்?"

"இப்ப வரும். உக்காரு."

கொளஞ்சியம்மாள் முறைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். தங்கதுரை கண்காட்ட, முனியன் கதவை ஒரு சாண் திறந்ததும் கலையரசி கிழங்கு நெம்பும் தன் கடப்பாரையை இடுக்கில் செருகி அகலத் திறந்தாள். திமிறிக்கொண்டு முதலில் குதித்தவள் கொளஞ்சியம்மாள்தான். காற்று அப்படி இனித்தது.

"ஏறுங்கம்மா, நேரமாவுது," என்றார் தங்கதுரை.

"வயர மாத்துங்க. தாப்பாள உள்பக்கம் வைங்க. அப்பறம் ஏறுறோம்," என்றாள் கலையரசி.

"நைனார்பாளையத்து ஆளுங்க அடுத்த வேன்ல பின்னாலயே வராங்க. உங்களுக்கு உட்ட காட்டையும் சேத்துப் புடுங்கிடுவாங்க. ஏறாதவங்க இனிமே இந்தப் பக்கமே வர வேணாம்."

இரண்டு பெண்கள் கதவை நோக்கித் திரும்பினார்கள். அப்போது வீரமணி டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெந்த வயர்க்கற்றையை ஒரே இழுப்பில் வெட்டி வெளியே வீசினான்.

"டேய், இன்னாடா பண்ற?"

"புதுசு போட்டாத்தான் இனிமே ஓடுங்க."

முனியன் சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டான்.

நைனார்பாளையத்து வேன் வந்தது. பெண்கள் பாதையில் நின்றதால் அதுவும் நின்றது. அதன் கதவும் வெளியே தாழிட்டிருந்தது. உள்ளிருந்து ஒரு குரல், "யாரும்மா அது? ஏன் வண்டி நின்னுது?"

"எங்க வண்டி வயரு வெந்துபோச்சி. பூட்டிக்கினு போறதுன்னா நாங்க ஏறமாட்டோம்னுட்டோம்," என்றாள் கலையரசி.

உள்ளேயிருந்து ஓர் உள்ளங்கை தகரத்தைத் தட்டியது. இன்னொன்று. அப்புறம் வேனே அதிர்ந்தது.

"அந்தக் கதவத் தொட்டீங்கன்னா தெரியும் சேதி," என்றார் தங்கதுரை.

கலையரசி அந்த வேனை நோக்கி நடந்தாள். கொளஞ்சியம்மாளும் கூடவே வந்தாள்.

"இப்ப நெசமாவே மயக்கம் வருதுடி."

"என் தோளப் புடிச்சிக்கினு வாக்கா."

தாழ்ப்பாள் பனியில் நனைந்திருந்தது. இரண்டு பேரும் அதன்மேல் கைவைத்தார்கள்.