மூன்று அங்குல உயரம்

கடற்கரை மணலில் ஜீப்பின் அடி தட்டுகிறது, உயர்த்தித் தர வேண்டும் என்று புதுக்குடியிருப்பில் இருக்கும் என் கராஜுக்கு மரியநேசன் காலையிலேயே வந்துவிட்டார். சொல்லி முடித்ததும் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ, பிள்ளை?"

"நான்தான் செய்யிறன். பின்னேரம் வாங்கோ."

எரிச்சலை வேலையில் காட்டினேன். பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு நீளமானவற்றைப் பூட்டினேன். ஜீப் மூன்று அங்குலம் எழுந்து நின்றது.

பின்னேரம் வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. ஏறப் பார்த்தார், கால் எட்டவில்லை. கட்டையான மனிதர்.

வெல்டிங்கில் ஒட்டிச் செய்து மூலையில் வைத்திருந்த இரும்புப் படியை எடுத்துவந்து கதவுக்குக் கீழே பூட்டினேன். ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"இதை எப்ப செய்தனீங்கள், தங்கச்சி?"

"காலமை நான் ஜீப்பை மட்டும் அளக்கேல்லை, அண்ணை."