தாடைக்காரனிடம் கேட்கக் கூடாத கேள்வி

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. என் தங்கை வேலையிடத்தில் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அதிலிருந்து எடுத்தேன்.

அவள் உளவியல் ஆராய்ச்சி செய்கிறாள். தலைப்பு, ‘இன்செல்களின் மனநலமும் மனப்போக்கும்’. எந்தப் பெண்ணும் தன்னை ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள் என்று தானே முடிவு கட்டி, அந்தக் கோபத்தை ஒட்டுமொத்தப் பெண்கள்மீதும் காட்டுகிற ஆண்கள்தாம் இன்செல்கள். இணையத்தில் கூடி ஒப்பாரி வைப்பார்கள். நடுநடுவே சாபமும் விடுவார்கள்.

“அவங்க யாரு, என்ன சொன்னாங்கன்னு வாயைத் திறக்க மாட்டேன். ரகசியம்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்,” என்றாள்.

“அப்ப திட்டு எதுக்கு?”

“அது என்னைப் பத்தினது. சொல்லலாம்.”

ஒருவனைக் கணினித் திரை வழியே பேட்டி கண்டிருக்கிறாள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளை, ஒரு சொல் கூடாமல் குறையாமல் கேட்க வேண்டும் என்பது விதி. இவளோ இணைப்புக் கிடைத்ததும் வாய்ப்பழக்கத்தில், “வணக்கம், சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுத் தொலைத்துவிட்டாள்.

“அதுக்கு என்ன சொன்னான்?”

“அதைச் சொல்ல முடியாது. ஆனா அதுக்கப்புறம் ரொம்ப நேரம் என்னால பேச முடியல. அதைச் சொல்லலாம்.”

பதிவைக் கேட்ட அவளுடைய பேராசிரியர் வறுத்தெடுத்துவிட்டார். அடுத்த கேள்வியே, ‘உங்கள்மேல் அக்கறை காட்ட யாராவது இருக்கிறார்களா?’ என்பது. சாப்பிட்டீர்களா என்று ஒருத்தி கேட்டு வாய் மூடுவதற்குள் இதைக் கேட்டால் பதில் எப்படிச் சுத்தமாக இருக்கும்? இந்த முறை அடிக்குறிப்போடு விட்டுவிடுகிறேன் என்றாராம். இரண்டாவது பேட்டியிலும் கேட்டால் அவனுடைய பதில்கள் மொத்தமும் ஆராய்ச்சியிலிருந்து போய்விடும்.

இரண்டாவது பேட்டி வியாழக்கிழமை. அதற்குள் நான் கதையை முடித்துவிட நினைத்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘அவன் கண்ணாடிமுன் நின்று ஸ்கேலால் தன் தாடையை அளந்தான்.’

(இன்செல்கள் வட்டாரத்தில் தாடை எலும்பு பெரிய விஷயம். எலும்பு போதாததால் வாழ்க்கையே போச்சு என்று நம்புகிறவர்கள் உண்டு.)

ஆக, அவன் பெயர் தாடைக்காரன். பார்சல் கிடங்கில் முகவரி ஒட்டும் வேலை கொடுத்தேன். உதட்டுச்சாயம் வாங்கும் பெண்களை முணுமுணுப்பாகத் திட்டிக்கொண்டே ஒட்டுவான். ஆனால் ஒரு சீட்டுகூடக் கோணலாக இருக்காது.

தங்கைக்குப் படித்துக் காட்டினேன். நிஜ ஆளும் இப்படித்தானா என்று கேட்டால் தண்ணீர் குடித்தாள். ஸ்கேல் வரியை மறுபடி படித்தேன். மறுபடி குடித்தாள்.

(தண்ணீர் குடிப்பது சாட்சியம் ஆகாது.)

அவனைக் கொஞ்சம் பரிதாபமாகக் காட்டலாம் என்று பார்த்தால், அவன் வாயைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘பெண்கள் எல்லாருமே’ என்று ஆரம்பிப்பான். அந்த வாக்கியங்களை எழுதி எழுதி அடித்தேன். இவனுக்குப் போய் ஒரு கதையா என்று இரண்டு நாள் தாளைத் தொடவில்லை. பிறகு அந்த ‘ரொம்ப நேரம் பேச முடியல’ நினைவுக்கு வந்து—

சரி, மேலே போவோம்.

3

மருந்துக்கடையில் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தேன். நன்றாகச் சிரிப்பாள்.

“இவ எதுக்கு வர்றா?” என்றாள் தங்கை.

“அவனைக் காதலிக்க.”

“ஏன்?”

“அவன் திருந்தணும்ல?”

“அதுக்கு அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணினா? அண்ணா, கதாநாயகன்னு ஒருத்தன் இருந்தா அவனுக்கு ஒருத்தியை ஒதுக்கிடணும்னு நீ நினைக்கிற. அந்த இன்செல்களும் அதைத்தான் கேக்கறாங்க. இது ரகசியம் இல்ல, ஊரறிய எழுதறதுதான்.”

எனக்குச் சுருக்கென்றது. பல வருடமாகக் கதை எழுதுகிறேன். எத்தனை பெண்களை இப்படிப் பட்டுவாடா செய்திருப்பேன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

மருந்துக்கடைப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். “நல்லவேளை சார், எனக்குக் கடையில தலைக்கு மேல வேலை இருக்கு,” என்று கதையை விட்டுப் போய்விட்டாள்.

4

முடிவுகள்.

(அ) தங்கை ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்கவில்லை. கேள்வித்தாள்படி எல்லாம் நடக்கிறது. தாடைக்காரனின் தனிமை ஒரு புள்ளியாக வரைபடத்தில் ஏறுகிறது. பேராசிரியருக்குத் திருப்தி.

(ஆ) கேட்டுவிடுகிறாள். ‘என்னை யாரும் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை’ என்று புலம்புகிறவனை, சாப்பிட்டாயா என்று கேட்கப்பட்ட குற்றத்துக்காகக் கணக்கிலிருந்தே தூக்கிவிடுகிறார்கள்.

(இ) அவள் வாய் திறக்குமுன் அவனே கேட்கிறான்: “நீங்க சாப்பிட்டீங்களா?”

இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. தங்கை ஒரே வார்த்தையில், “சினிமா,” என்றாள். அவள் சொல்வது சரி. வருடக்கணக்காக ஊறிய வெறுப்பு ஒரு விசாரிப்பில் கரைந்துவிடாது. ஆனாலும் அடிக்க மனம் வரவில்லை. கிடந்துவிட்டுப் போகட்டும்.

5

இன்று வியாழக்கிழமை.

தங்கை திரைக்குமேல் ‘சாப்பாட்டுப் பேச்சு கூடாது’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறாள். தலை வாரினாள், வாரியதைக் கலைத்துவிட்டு மறுபடி வாரினாள்.

“வருவாரான்னே தெரியலண்ணா.”

“வரலைன்னா வேற ஆள்.”

“வரணும்,” என்றாள். மறுபடி சீப்பை எடுத்தாள். முதல் பேட்டியில் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. ஆராய்ச்சி, வரைபடம், என் கதை எல்லாம் அப்புறம். அவன் உயிரோடு இருக்க வேண்டும்.

என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் உணவு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு தட்டு மூடியபடியே இருக்கிறது. அவள் காலையில் தனக்கு எடுத்துவைத்தது, தொடவே இல்லை. இத்தனை நாள் தாடைக்காரனைப் பற்றி அவளைக் குடைந்தேனே, இந்தத் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உள்ளே டிங் என்று ஒரு சத்தம். யாரோ இணைப்புக்காகக் காத்திருக்கிறார்கள்.

அப்பாடா.

நான் உள்ளே போக முடியாது. படிக்கிற உங்களுக்குக் கதவு கிடையாது, போங்கள். ‘அனுமதி’ என்ற பொத்தான் திரையில் இருக்கும். அவன் முதலில் ஏதாவது கசப்பாகத்தான் சொல்வான், பொறுத்துக்கொள்ளுங்கள். திரைக்கு மேலே ஒட்டியிருப்பதையும் ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

அவள் வெளியே வந்ததும் சாப்பிட்டாயா என்று அவளை நான் கேட்டுக்கொள்கிறேன். அவனை நீங்கள்—