சிமியோனின் வலது கால்

குருநகரில் சிமியோன் உதவி செய்யாத வீடு கிடையாது. வலை பொத்துவார், கிணறு இறைப்பார், கூரை மேய்வார், செத்த வீட்டில் பெட்டியின் தலைமாட்டைத் தூக்குவார். கூலி வாங்கமாட்டார். தேத்தண்ணி நீட்டினால் இப்போதுதான் குடித்தேன் என்பார், குடித்திருக்கமாட்டார். இந்தத் தாழ்மை ஊருக்குத் தெரியாமல் போய்விடக்கூடாது என்பதில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருப்பார். உதவி வாங்கியவர்களில் பாதிப் பேர் அவரைக் கண்டால் அடுத்த ஒழுங்கையால் திரும்பிப் போனார்கள். பதிலுக்கு ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்க விடாத மனுஷனுக்கு எத்தனை காலம்தான் நன்றி சொல்லிக்கொண்டிருப்பது?

அவருடைய பெரிய நாள், பெரிய வியாழன். கோயிலில் சுவாமியார், யேசு சீடருக்குச் செய்ததுபோல, பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவும்போது பின்னால் வாளியும் துவாயுமாக நிற்பது சிமியோன்தான். கதிரையில் அப்போஸ்தலராக வீற்றிருப்பவர்களை, அதிலும் இரண்டு வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான நீக்கிலாப்பிள்ளையை, அவருக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. பொருளாதாரத் தடையில் சவுக்காரத்துக்கு ஊரே அலைந்த தொண்ணூற்றிரண்டாம் ஆண்டிலும் நீக்கிலாப்பிள்ளை எங்கோ ஒரு துண்டைப் பிடித்து, கோயிலில் கழுவப்போகும் காலை வீட்டிலேயே தேய்த்துக் கழுவியதாகச் செய்தி.

அடுத்த வருஷத் தவக்காலத்தில் தங்கமுத்துவின் குசினிக் கூரையை மேயப் போன சிமியோன் கிடுகோடு சேர்ந்து கீழே வந்தார். வலது கால் முறிந்தது. பரியாரி எண்ணெய் பூசி, பத்துப் போட்டு, மட்டை வைத்துக் கட்டி, நிலத்தில் ஊன்றக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. கடலுக்குப் போவதே பெரும்பாடாக இருந்த நாட்களிலும் மீன்குழம்புச் சட்டிகள் வந்தன. எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது என்று சிமியோன் எல்லாவற்றையும் படலையிலேயே திருப்பி அனுப்பினார். உலையில் தண்ணீர் மட்டும்தான் கொதிக்கிறது என்பது அவர் மனைவி ஞானம்மாவுக்குத் தெரியும். முன்படலையால் திரும்பிய தங்கமுத்துவின் சட்டி, பின்வேலியில் கோழி நுழைகிற பொட்டால் உள்ளே வந்தது. சிமியோன் அதை உண்டு பெண்சாதியின் கைப்பக்குவத்தை மெச்சினார். ஞானம்மா தலை நிமிரவில்லை.

அவருடைய கவலையெல்லாம் வாளி. அது இன்னொருவர் கைக்குப் போனால் தான் யார் என்பதே அவருக்கு விளங்கவில்லை. பெரிய வியாழன் பின்னேரம், சைக்கிளில் ஏற்றிப்போக வந்தவர்களை விரட்டிவிட்டு, தடியை ஊன்றிக் கெந்திக் கெந்திக் கோயிலுக்குப் போனார். போனால், வாளி நீக்கிலாப்பிள்ளையின் கையில். நீக்கிலாப்பிள்ளை இருக்கவேண்டிய கதிரை காலி. எல்லாம் சுவாமியாரின் ஏற்பாடு.

"சிமியோன், நீர் உதிலை இரும்," என்றார் சுவாமியார்.

இருந்தார். நீக்கிலாப்பிள்ளை வாளி பிடித்த பிடியில் முதல் மூன்று அப்போஸ்தலருக்கும் இன்னொரு தரம் ஞானஸ்நானமே ஆகிவிட்டது. சிமியோனுக்குக் கை துறுதுறுத்தது. சுவாமியார் அவருக்கு முன்னால் முழந்தாளிட்டுக் கை நீட்டியதும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் சுவாமி. எண்ணெய் நாறுது. மற்றவையின்ரையைக் கழுவுங்கோ."

பேதுருவும் இப்படித்தான் மறுத்தார் என்று சற்று முன்னர்தான் சுவிசேஷம் வாசித்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் களுக்கென்று ஒரு சிரிப்புக் கேட்டது. நீக்கிலாப்பிள்ளை குனிந்து, காதுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கோயில் முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"உனக்குப் பொறுக்கேலாமல் கிடக்கிறது எண்ணெய் மணமில்லை, சிமியோன். வாளி தூக்கிறது லேசு. உதிலை இருக்கிறதுதான் கஷ்டம். காலைக் குடு."

சொன்னவரின் வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. சிமியோனுக்கு ஏச வாய் வந்தது. ஆனால் குனிந்திருந்த சுவாமியாரின் நரைத்த உச்சந்தலை கண்ணில் பட்டது. இத்தனை வருஷமும் முதுகுப் பக்கம் நின்றவர் அதை இந்தப் பக்கத்திலிருந்து கண்டதில்லை. காலை மெல்ல நீட்டினார். கட்டுக்கு வெளியே தெரிந்தவை விரல்கள் மட்டும். கிழமைக்கணக்கில் தண்ணீர் காணாத விரல்கள். சுவாமியார் ஒவ்வொன்றாகக் கழுவ, கூச்சம் தாங்காமல் சிமியோன் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் வழிந்தது. நீக்கிலாப்பிள்ளை துவாயை முதலில் அவர் முகத்துக்குத்தான் நீட்டினார்.

திரும்பும்போது சைக்கிளில் ஏறிக்கொண்டார்.

உயிர்ப்பு ஞாயிறு மத்தியானம் தங்கமுத்து சட்டியோடு படலையில் நின்றாள். பழக்கதோஷத்தில் பின்வேலிப் பக்கம் போகத் திரும்பியவளை சிமியோன் உள்ளே கூப்பிட்டார். குழம்பைச் சோற்றில் விட்டு ஒரு வாய் வைத்தார். மென்றார். ஞானம்மாவைப் பார்த்தார்.

"உது நீ வைக்கிற குழம்பெல்லே?"

ஞானம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். தங்கமுத்துதான் பதில் சொன்னாள்.

"சட்டி என்ரை, அண்ணை. பொட்டு உங்கடை."

சிமியோன் பின்வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு கட்டுப் போட்ட கால் ஆட ஆடச் சிரித்தார்.

"அப்ப பொட்டை அடைக்கவேணும்."

"நீங்கள் எழும்ப வேண்டாம். எங்கடை அவர் வந்து அடைச்சுத் தருவார்."

வழக்கமான 'வேண்டாம்' தொண்டைவரை வந்தது. சோற்றோடு சேர்த்து அதை விழுங்கினார்.

"ஓம், வரச்சொல்லு," என்றார். "தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும் எண்டும் சொல்லு."