மச்சான் கேட்ட பல்ப்புக் கட்டுரை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதை நான் கதையாக எழுதத் தொடங்கவில்லை. என் தங்கை முஸ்பிராவின் கணவன் இன்பாஸ், முகநூலில் போடுவதற்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கேட்டான். தலைப்பையும் அவனே தந்தான்: 'கார் முன்விளக்குக்கு எது சிறந்தது, ஹலோஜனா, செனனா?' மன்னாரில் எழுத்தாளன் என்று பெயரெடுத்தவனுக்கு வருகிற வேலைகள் இப்படித்தான் இருக்கும். கலியாண வாழ்த்து, அரசாங்கக் கந்தோருக்குப் பெட்டிசம், யாராவது இறந்தால் மௌத்து அறிவித்தல். இப்போது பல்ப்பு. (நான் பதினொரு சிறுகதைகள் எழுதியவன். இன்பாஸ் அவற்றில் ஒன்றையாவது வாசித்திருந்தால் என்னிடம் பல்ப்பு கேட்டிருக்கமாட்டான் என்று முதலில் நினைத்தேன். வாசித்திருந்தால் கட்டாயம் பல்ப்புத்தான் கேட்டிருப்பான் என்று இப்போது நினைக்கிறேன்.)

கட்டுரைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: 'இருளை வெல்ல முனைந்த மனிதனின் நெடும் பயணத்தில்'

அடித்துவிட்டேன். பல்ப்பைப் பற்றி எழுத உட்கார்ந்து மூன்று நிமிடம் ஆகவில்லை, அதற்குள் மனித குலம் வந்து கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டது.

இரண்டாவது: 'ஹலோஜன் பல்ப்புக்குள் ஒரு மெல்லிய கம்பி சூடாகி எரிகிறது. வெளிச்சம் கொஞ்சம் மஞ்சள். விலை குறைவு, பழுதானால் எந்தக் கடையிலும் மாற்றலாம். செனன் பல்ப்புக்குள் கம்பி இல்லை. வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து எரிகிறது. வெளிச்சம் வெள்ளை, ஓரத்தில் நீலம் தட்டும். கனகாலம் உழைக்கும்.'

இதில் பிழை இல்லை. கதையும் இல்லை.

மூன்றாவது தொடக்கத்தை நீங்கள் இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

2

இன்பாஸுக்கு டவுனில் மேசை, கட்டில் விற்கும் தளபாடக் கடை. பதினைந்து வயதான ஜப்பான் கார் ஒன்றை வாங்கியிருந்தான். காருக்கு வேறு குறை இல்லை, முன்விளக்கு மட்டும் மங்கல். அவனுடைய சிநேகிதன் ஒருவன் கொழும்பிலிருந்து வந்த காரில் செனன் போட்டிருந்தான். அதைப் பார்த்த நாளிலிருந்து இன்பாஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இணையத்தில் ஒரு செனன் பெட்டி எடுப்பித்து, என்னையும் கூட்டிக்கொண்டு வாகன வயரிங் செய்யும் தில்லைநாதன் அண்ணனிடம் போனான்.

இந்தத் தில்லைநாதன் அண்ணனை எழுதுவதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. தொழில் தெரிந்த, உண்மை பேசுகிற, அளவாகக் கதைக்கிற ஒரு மனிதனைக் கதைக்குள் விட்டால் வாசகர் நம்பமாட்டார். எழுத்தாளன் மாறுவேடம் போட்டு வந்திருக்கிறான் என்பார். ஆகவே அவரிடம் ஒரு குறையைத் தேடினேன். கிடைத்தது. கொஞ்சம் பொறுங்கள்.

அவர் விளக்கின் கண்ணாடியை விரலால் துடைத்துப் பார்த்தார். வெயிலில் அது மஞ்சளாகிவிட்டது, தீட்டி எடுத்தாலே பாதி வெளிச்சம் திரும்பி வரும் என்றார். பழைய பல்ப்பைக் கழற்றிப் புதிய ஹலோஜன் போட்டு, விளக்கின் உயரத்தைச் சரிசெய்தால் போதும் என்றார். செனனை அவர் கெட்டது என்று சொல்லவில்லை. அதற்கென்று செய்த விளக்குக் கூட்டுக்குள் அது நல்ல பல்ப்புத்தான். இந்தக் காரின் விளக்குக் கிண்ணம் ஹலோஜனுக்காக வளைத்தது, இதற்குள் செனனை வைத்தால் வெளிச்சம் வீதியில் விழாமல் நாலு பக்கமும் தெறிக்கும் என்றார்.

"உங்களுக்கு வடிவாத் தெரியும் தம்பி. எதிர வாறவனுக்குத்தான் ஒண்டும் தெரியாது."

"எதிர வாறவன் தன்ர லைட்டைப் பாத்துக்கொள்ளட்டும்" என்றான் இன்பாஸ்.

முந்திய வரைவில் இந்த இடத்தில் 'நான் மௌனமாக இருந்தேன்' என்று எழுதியிருந்தேன். மௌனம் எழுத்தாளனுக்கு எடுப்பாக இருக்கும். நடந்தது அதுவல்ல. நான் சிரித்தேன்.

இனி அந்தக் குறை. தில்லைநாதன் அண்ணன் இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்தச் செனனைத் தானே பூட்டிக் கொடுத்தார். தான் பூட்டாவிட்டால் இன்னொருத்தன் வயரைப் பிழையாகக் கொடுத்துக் காரை எரித்துவிடுவான் என்று சமாதானமும் சொன்னார்.

3

மார்கழி மாதம். மழை விட்ட ஒரு நாள் அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு, புதிய வெளிச்சத்தைப் பார்க்க இருவரும் புறப்பட்டோம். மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து தள்ளாடிச் சந்திவரை போய்த் தேத்தண்ணி குடித்துத் திரும்புவதுதான் திட்டம். ஒரு பல்ப்பைப் பார்க்க இரண்டு வளர்ந்த ஆண்கள் கடலைக் கடந்தோம்.

வெளிச்சம் என்றால் வெளிச்சம். வீதியோரக் கற்கள் ஒவ்வொன்றும் சவர்க்காரம் போட்டுக் கழுவியதுபோலத் தெரிந்தன. எதிரே வந்த பஸ் தன் விளக்கை இரண்டு தரம் சிமிட்டியது. அடுத்து வந்த லொறியும் சிமிட்டியது. எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள் என்றான் இன்பாஸ். நான் அதற்கும் சிரித்தேன்.

பாலம் தாண்டி, இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் இடத்தில், எதிரே ஒற்றை விளக்கு ஒன்று வந்தது. சிறிய விளக்கு. அது கிட்ட வந்து ஒரு தரம் ஆடி, இடப்பக்கமாகச் சாய்ந்து

இந்த வசனத்தை முடிக்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது. முதல் இரண்டு வரைவுகளில் இந்த இடத்தில் ஒரு கழுதை குறுக்கே வந்தது. மன்னார் வீதியில் கழுதை நிற்பதை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள். அதற்கு வழக்கறிஞரும் இல்லை. ஒரு வரைவில் கழுதையின் கண்கள் செனன் ஒளியில் மின்னுவதை மூன்று வரிகளில் வர்ணித்தும் இருந்தேன். நல்ல வரிகள். கழுதை வரவில்லை.

சாய்ந்து, வீதிக்குக் கீழே போய்விட்டது. இருவரும் கண்டோம். இன்பாஸ் காலைக் கொஞ்சம் தளர்த்தினான்.

"என்ன மச்சான் அது?"

"ஓரமா நிப்பாட்டுறான் போல. கோல் வந்திருக்கும்" என்றேன் நான்.

இந்தக் கதையில் நான் சொன்ன மிகப் பெரிய புனைவு அதுதான். அதைக் காரில் இருந்துகொண்டே, பேனா இல்லாமல் செய்தேன். இன்பாஸ் திரும்பவும் வேகம் கொடுத்தான்.

4

தேத்தண்ணி குடித்தோம். இன்பாஸ் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டான். (இந்த விவரத்தை எடுத்துவிடும்படி அவன் கெஞ்சினான். விட்டுவைத்திருக்கிறேன்.)

திரும்பி வரும்போது அதே இடத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இன்பாஸ் காரை ஓரங்கட்டி விளக்கை அணைக்காமல் இறங்கினான். நானும் இறங்கினேன். யாரோ ஒரு மருத்துவிச்சி மிஸ்ஸி ஸ்கூட்டரோடு விழுந்துவிட்டா, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஒரு மீன்வியாபாரி சொன்னார். கண்ணில் வெளிச்சம் அடித்துவிட்டு ஒரு கார் நிற்காமல் போனதாம். என்ன கார் என்று இன்பாஸ் கேட்டான். வெளிச்சத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும் என்றார் அவர்.

கரையில் ஏற்றி நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் சேறாக நின்றது. எங்கள் செனன் வெளிச்சத்தில் அதன் இலக்கத் தகடு பளிச்சென்று தெரிந்தது.

அது முஸ்பிராவின் ஸ்கூட்டர்.

என் தங்கை குடும்பநல உத்தியோகத்தர். பாப்பாமோட்டைப் பக்கத்துக் கர்ப்பிணிகளை வீடுவீடாகப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. அன்றைக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரஷர் கூடி, அம்புலன்ஸ் வரும்வரை கூட இருந்ததில் வீடு திரும்பப் பிந்திவிட்டது.

இன்பாஸ் காரடிக்குத் திரும்பிப்போய், கதவுக்குள் கையை விட்டு, விளக்கை அணைத்தான். அதற்குப் பிறகும் இலக்கத் தகடு தெரிந்தது. மீன்வியாபாரியின் டோர்ச் வெளிச்சத்தில்.

[ஒரு குறிப்பு. புருஷனின் விளக்கில் பெண்சாதியே விழுவதா, இவ்வளவு தற்செயல் கதைக்கு ஆகுமா என்று கேட்கிற விமர்சகர்களுக்கு: எங்கள் தீவுக்குத் தரைவழியாக வர ஒரே ஒரு வீதிதான். ஒரே வீதியில் எதிரே வருபவர் எப்போதும் யாரோ ஒருவருடைய ஆள்.]

5

முஸ்பிராவுக்கு இடக்கை மணிக்கட்டு முறிந்திருந்தது. முகத்தில், வாய்க்குக் கீழே நாடியில் நாலு தையல். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிளாஸ்டர் கட்டு போட்டு முடிந்திருந்தது. வெள்ளையாக ஒரு வெளிச்சம் வந்தது, அதற்குப் பிறகு வீதி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை என்றாள். விழுந்ததும் எழும்பிக் கையை ஆட்டிக் கூப்பிட்டாளாம். போய்விட்டார்களாம்.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு மிகச் சரியான நேரம் அதுதான் என்று இருவருக்கும் தெரிந்தது. தெரிந்ததனாலேயே இன்பாஸ் சத்தமாகப் பேசத் தொடங்கினான். அப்படிப்பட்டவனின் லைசன்சைக் கிழிக்கவேண்டும் என்றான். மனிசத்தன்மை இல்லாதவன் என்றான். பக்கத்துக் கட்டில் நோயாளிகள்கூட ஓம் ஓம் என்றார்கள். அதோடு நிற்காமல் என் பக்கம் திரும்பி, இதைப் பற்றி நான் கட்டாயம் எழுதவேண்டும் என்றான்.

நான் எழுதினேன்.

நம்பாவிட்டால் முகநூலில் தேடிப் பாருங்கள். 'ஒளியால் குருடாக்குபவர்கள்' என்று தலைப்பு. பிழையான விளக்குக் கூட்டுக்குள் செனன் போடுவதன் கேடுகளைத் தில்லைநாதன் அண்ணனின் வார்த்தைகளிலேயே, அவர் பெயரைச் சொல்லாமல் எழுதினேன். முந்நூறு பேர் விரும்பினார்கள். என் பதினொரு கதைகளுக்கும் சேர்த்துக்கூட இவ்வளவு கிடைக்கவில்லை. முதல் ஆளாகப் பகிர்ந்தவன் இன்பாஸ். முஸ்பிரா ஒரு கையால் தட்டி, நல்லா எழுதியிருக்கிறீங்கள் நானா என்று பின்னூட்டம் போட்டாள். (எங்களில் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.)

6

இங்கே மூன்று முடிவுகள் இருக்கின்றன.

முதலாவது முடிவில் இன்பாஸ் மனம் திருந்தி அழுகிறான். அவனை இருபது வருஷமாகத் தெரியும். அழமாட்டான். விற்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் பல்ப்பை ஒளித்துவைப்பான்.

இரண்டாவது முடிவில் நான் சொல்லிவிடுகிறேன். இந்த முடிவை ஐந்து நாள் அழகழகாக எழுதினேன். அவளிடம் போய்ச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். எழுதிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது முடிவு எங்களைக் கேட்காமல் நடந்தது. கையின் கட்டு வெட்டிய கிழமை, முஸ்பிரா ஸ்கூட்டரின் விளக்கை மாற்றத் தில்லைநாதன் அண்ணனிடம் கொண்டுபோயிருக்கிறாள். கட்டுரையை வாசித்தீங்களா என்று அவரிடம் சும்மா கேட்டிருக்கிறாள். அவர் வேலையை நிறுத்திவிட்டு, அது தான் சொன்ன கதை என்றும், அந்தப் பல்ப்பைப் பூட்டினதும் தான்தான் என்றும், தன்னை மன்னிக்கவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். கார் யாருடையது என்று அவள் கேட்கவில்லை. மாலையானால் இன்பாஸ் காரை எடுக்காமல் நடந்தே கடைக்குப் போய்வருவதை ஆறு கிழமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

7

அதற்கு மறுநாள் பொழுதுபட அவள் காரின் திறப்பை எடுத்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினாள். வாங்கோ என்று என்னையும் இன்பாஸையும் ஏறச் சொன்னாள். ஏன், எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

உப்புப் பூத்த வெறுந்தரை ஒன்றில் காரை நிறுத்தினாள். நன்றாக இருட்டும்வரை காத்திருந்தாள். பிறகு இன்பாஸிடம் சொன்னாள்.

"இறங்கிப் போய் முன்னுக்கு நில்லுங்கோ."

அவன் இறங்கினான். நான் பின்னால் இருந்தேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"நீங்களும்தான் நானா."

"நான் ஓட்டேல்லயே, முஸ்பிரா."

"கோல் வந்திருக்கும் எண்டு சொன்னது ஆர்? அவர் நேத்துச் சொல்லிப்போட்டார்."

இறங்கினேன். இன்பாஸ் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறான். எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. அவன் எனக்கு முந்திச் சொல்லிவிட்டான்.

நாற்பது அடி தள்ளி இருவரும் நின்றோம். செனன் எரிந்தது. அது உடனே முழுதாக எரியாது, முதலில் நீலமாகத் துடித்து, பிறகு வெளுத்து ஏறும். ஏறியதும் கார் இல்லாமல் போனது. தரையும், பக்கத்தில் நின்ற இன்பாஸும் இல்லை. என் கையை முகத்துக்கு நேரே பிடித்தேன். கையின் கறுப்பு மட்டும் தெரிந்தது.

"என்னத் தெரியுதா?" என்று அவள் குரல் கேட்டது.

"இல்ல" என்றான் இன்பாஸ்.

"நான் வாறன்."

எஞ்சின் சத்தம் கூடியது. சில்லுகள் உப்பை நெரித்துக்கொண்டு வந்தன. மெதுவாகவா, வேகமாகவா என்று என்னால் சொல்லமுடியாது. எவ்வளவு கிட்ட என்றும் சொல்லமுடியாது. இன்பாஸ் ஏதோ ஓதத் தொடங்கினான். விலகி ஓடலாம் என்று நினைத்தேன். எந்தப் பக்கம்?

கார் நின்றது. வெளிச்சம் அணைந்தது. அவள் இறங்கி வந்து திறப்பை இன்பாஸின் கையில் வைத்துவிட்டு, வீதிப்பக்கமாக நடந்தாள்.

மறுநாள் தில்லைநாதன் அண்ணன் கூலி வாங்காமல் ஹலோஜன் போட்டுக் கொடுத்தார். இன்பாஸ் முதலில் கேட்ட கட்டுரைக்கு விடை வேண்டுபவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். கதைக்கு அது முடிவல்ல. கதையின் முடிவு அந்த நாற்பது அடிக்குள் இருக்கிறது. அதில் நான் நின்றேன், ஆனால் பார்க்கவில்லை. அன்று அங்கே பார்வை இருந்தது ஒருத்திக்குத்தான். அவள் கால் எதை மிதித்தது, எந்த இடத்தில் மனம் மாறியது, மாறியதா, முதலிலிருந்தே அவ்வளவுதான் வருவதாக இருந்தாளா, எதுவும் தெரியாது. நேற்றுக் கேட்டேன். நீங்கள்தானே எழுதுகிறவர், எழுதுங்கோ என்றாள்.

என்னால் முடியாது. காரில் அவளுக்குப் பக்கத்து ஆசனம் வெறுமையாக இருந்தது. நீங்கள் ஏறி உட்காருங்கள். அங்கிருந்து பார்த்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிற இரண்டு ஆண்களின் முகங்கள், தலைமயிர்வரை, மிகத் தெளிவாகத் தெரியும். அவளுடைய முகத்தையும் நீங்கள் பார்க்கலாம்.